படித்த பக்கம் தொலையாமல் இருக்க: உலாவல் வரலாற்றைச் சேமித்துத் தேடும் வழிகள்

எங்கள் ஊர்த் திருவிழா மலருக்காகக் கண்மாய் மடையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்ததும் ஐந்து மாதங்களுக்கு முன் இணையத்தில் படித்த ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. பழைய ஏரிகளில் இருக்கும் குமிழித்தூம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் கையால் வரைந்த படத்துடன் விளக்கியிருந்தார். மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. தண்ணீரோடு வண்டலும் வெளியேறும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். படம் கண்ணுக்குள் நின்றது. தலைப்பும் தளத்தின் பெயரும் மறந்துபோயிருந்தன. உலாவியின் ஹிஸ்டரியைத் திறந்து "சேறோடி" என்று தேடினேன். எதுவும் வரவில்லை. பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே போனேன். மூன்று மாதங்களுக்கு முந்தைய ஒரு நாளோடு அது முடிந்துவிட்டது.

அன்றைக்குத்தான் இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஒன்று, உலாவி எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருப்பதில்லை. இன்னொன்று, வைத்திருக்கும் நாள்வரையும் அது பக்கத்தின் தலைப்பையும் முகவரியையும் பார்த்த நேரத்தையும்தான் குறித்துக்கொள்கிறது. உள்ளே இருந்த எழுத்து அதில் கிடையாது. "சேறோடி" என்ற சொல் தலைப்பில் இல்லாததால், ஐந்து மாதம் கழித்து என்ன, ஐந்து நாள் கழித்துத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. இந்த இரண்டு குறைகளுக்கும் தனித்தனி மருந்து உண்டு. இணையத்தில் படித்து எழுதுகிறவர்கள், மாணவர்கள், ஒரு பொருளைத் தொடர்ந்து தேடிப் படிக்கிறவர்கள் எல்லாரும் இதை ஒரு முறை செய்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பெரிய கணினி அறிவு எதுவும் தேவையில்லை.

முதலில் உங்கள் உலாவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கணினியில் குரோம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உங்கள் கணக்கு 90 நாள். அதைவிடப் பழையவற்றை அது தானாகவே நீக்கிவிடும். இந்த எல்லையை நீட்டிக்க அமைப்புகளில் வழி இல்லை. ஃபயர்பாக்ஸ் நாள் கணக்கு பார்ப்பதில்லை. பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டும்போது மிகப் பழையவற்றைக் கழிக்கும். அதனால் சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆண்டுக்கணக்கான பதிவு அதில் தங்கியிருக்கும். மேக் கணினியின் சஃபாரியில் இதை நீங்களே முடிவு செய்யலாம்: அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குப் போனால், ஹிஸ்டரியை எப்போது நீக்குவது என்ற கேள்வி இருக்கும். ஒரு நாள் முதல் ஓர் ஆண்டு வரை தேர்வுகள் உண்டு. நீங்களாக நீக்கும்வரை வைத்திரு என்பதும் அதிலேயே உண்டு. அந்தக் கடைசித் தேர்வைப் போட்டுவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸ்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியுரிமை அமைப்புகளில், உலாவியை மூடும்போது ஹிஸ்டரியை அழி என்ற தேர்வு இருக்கிறது. யாரோ எப்போதோ அதை டிக் செய்துவைத்திருந்தால் தினமும் எல்லாம் போய்விடும். கணினியைச் சுத்தம் செய்து வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களும் குப்பையோடு குப்பையாக ஹிஸ்டரியைத் துடைத்துவிடுவது வழக்கம். அப்படி ஏதேனும் வைத்திருந்தால், அதில் உலாவியின் பெயருக்கு நேரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கையில் இருப்பதை வைத்தே தேடுவது

கண்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் ஹிஸ்டரி திறக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதைவிட விரைவான வழி முகவரிப் பட்டையிலேயே இருக்கிறது. குரோமின் முகவரிப் பட்டையில் @ குறியைத் தட்டினால் ஒரு சிறு பட்டியல் விரியும். அதில் ஹிஸ்டரியைத் தேர்ந்து, பிறகு தேடும் சொல்லைத் தட்டலாம். ஃபயர்பாக்ஸில் ^ குறியைப் போட்டு, ஓர் இடம் விட்டுச் சொல்லைத் தட்டினால் ஹிஸ்டரியில் மட்டும் தேடும். அதே இடத்தில் * குறி போட்டால் புக்மார்க்கில் மட்டும், % குறி போட்டால் திறந்திருக்கும் தாவல்களில் மட்டும். ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போகும்.

தமிழில் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பொதுவான வழிகாட்டிகளில் இந்தப் பகுதியை நான் பார்த்ததில்லை. நமக்கோ இதுதான் முக்கியம். தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறிவிடுகிறது. "குளம்" என்று தேடினால் "குளத்தின் கரை" என்ற தலைப்பு சிக்காது. அந்தத் தலைப்பில் "குளம்" என்ற எழுத்துக்கோவையே இல்லை. எனவே சொல்லின் மாறாத அடிப்பகுதியை மட்டும் தேடுங்கள். "குள" என்று தேடினால் குளம், குளத்தில், குளங்கள் மூன்றும் வரும். "மதகு" என்பதற்குப் பதில் "மதக" என்று தேடிப் பாருங்கள். மதகு, மதகின், மதகுகள் எல்லாம் சிக்கும். கணினிக்குள் "கு" என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகத்தான் இருக்கிறது. கடைசிக் குறியை விட்டுவிட்டால் எல்லா வடிவங்களுக்கும் பொதுவான பகுதி மிஞ்சுகிறது. "கல்வெட்டு" என்பதை "கல்வெட்ட" என்று தேடுவதும் இதே கணக்கு.

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையில் அமைக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பக்கங்களில் பிரித்துப் போட்டது கலந்திருக்கும். நீங்கள் தட்டுவது ஒரு வகை, பக்கத்தில் இருப்பது மறுவகை என்றால், இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கத் தெரியாத தேடல் கருவி "இல்லை" என்று கைவிரித்துவிடும். இருக்க வேண்டிய பக்கம் வராதபோது கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் இல்லாத வேறு சொல்லால் தேடுங்கள். ஒற்று மிகுவதையும் நினைவில் வையுங்கள்: ஒருவர் "ஏரிக்கரை" என்று எழுதுவார், இன்னொருவர் "ஏரி கரை" என்று பிரித்து எழுதுவார். "ஏரி" என்று மட்டும் தேடுவது பாதுகாப்பு.

90 நாளைத் தாண்டிச் சேமிப்பது

எனக்குப் பிடித்த வழி மிக எளியது: ஹிஸ்டரி கோப்பையே நகலெடுத்து வைப்பது. குரோம் உங்கள் உலாவல் பதிவு முழுவதையும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் ஒரே கோப்பில் வைத்திருக்கிறது. கோப்பின் பெயரே ஹிஸ்டரிதான். .jpg போன்ற பின்னொட்டு எதுவும் கிடையாது. அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று தட்டி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்வுக்கோடும் போட்டு, வெர்ஷன் என்று தட்டுங்கள். வரும் பக்கத்தில் ப்ரொஃபைல் பாத் என்ற வரியில் கோப்புறையின் முழு முகவரி இருக்கும். அதை நகலெடுத்துக்கொண்டு குரோமை முழுவதுமாக மூடுங்கள். திறந்திருக்கும்போது கோப்பு பூட்டப்பட்டிருக்கும், அரைகுறையாக நகலாகலாம். பிறகு அந்த முகவரியை விண்டோஸின் கோப்புச் சாளரத்தில் ஒட்டி உள்ளே போய், ஹிஸ்டரி என்ற கோப்பை உங்கள் சொந்தக் கோப்புறை ஒன்றில் நகலெடுத்து, பெயரில் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்துவிடுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

எட்ஜ், பிரேவ் ஆகியவையும் குரோமின் அடித்தளத்தில் எழுந்தவைதான் என்பதால் அவற்றிலும் இதே அமைப்புதான். ஃபயர்பாக்ஸில் உதவி என்ற பட்டியலில் சிக்கல் தீர்க்கும் தகவல் என்ற பக்கத்தைத் திறந்தால், ப்ரொஃபைல் கோப்புறையைத் திறக்க ஒரு பொத்தான் இருக்கும். உள்ளே பிளேசஸ் என்ற எஸ்க்யூலைட் கோப்பை நகலெடுக்க வேண்டும். ஹிஸ்டரியோடு புக்மார்க்குகளும் அதிலேயே இருக்கின்றன.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? குரோமுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு நகலிலும் 90 நாள் இருப்பதால் அடுத்தடுத்த நகல்கள் ஒரு மாத அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒரு நாள்கூட விடுபடாது. கைப்பேசியின் நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். நான் மின்கட்டணம் கட்டும் நாளோடு இதைச் சேர்த்துவிட்டேன். அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது.

நகலைப் படிக்க டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் கோப்பைத் திறக்கும்போது, பின்னொட்டு இல்லாததால் ஹிஸ்டரி கோப்பு கண்ணில் படாது. கோப்பு வகையில் எல்லாக் கோப்புகளும் என்பதைத் தேர்ந்தால் தெரியும். திறந்தபின் தரவைப் பார்க்கும் பகுதிக்குப் போய் யூஆர்எல்ஸ் என்ற அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பத்தியின் தலைப்புக்கும் கீழே ஒரு வெற்றுப் பெட்டி இருக்கும். டைட்டில் பத்தியின் பெட்டியில் "மதக" என்று தட்டினால், அந்த எழுத்துகள் கொண்ட தலைப்புகள் மட்டும் நிற்கும். முகவரிப் பத்தியில் தமிழில் தேட வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா போன்ற தளங்களின் முகவரியில் தமிழ்ப் பெயர்கள் விழுக்காட்டுக் குறிகளாக மாற்றியே சேமிக்கப்படும். ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது ஆங்கிலக் குறிகளாக நீண்டுவிடும்.

கடைசியாகப் பார்த்த நேரம் 17 இலக்கத்தில் ஒரு பெரிய எண்ணாக நிற்கும். பயந்துவிடாதீர்கள். 1601ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் கடந்த மைக்ரோ விநாடிகளின் கணக்கு அது. பத்து லட்சத்தால் வகுத்து, 11,644,473,600ஐக் கழித்தால், 1970ஆம் ஆண்டு முதல் எண்ணப்படும் வழக்கமான கணினி நேரம் விநாடிகளில் கிடைக்கும். பெரும்பாலும் இந்தக் கணக்கே தேவைப்படாது. பத்தியின் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினாலே முன்பின் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கையால் செய்ய முடியாது என்கிறவர்களுக்கு ஹிஸ்டரி டிரெண்ட்ஸ் அன்லிமிடெட் என்ற குரோம் நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள், எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது. நிறுவியதும் கையிருப்பில் உள்ள ஹிஸ்டரியை எடுத்துக்கொள்ளும். அதன்பின் பார்ப்பவற்றையும் சேர்த்துக்கொண்டே போகும். 90 நாள் எல்லை அதற்கு இல்லை. தரவு உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ஆனால் நீட்சியை நீக்கினால் அது சேர்த்ததும் போய்விடும். ஆகவே அதில் உள்ள ஏற்றுமதி வசதியைக் கொண்டு அவ்வப்போது ஒரு கோப்பாக எடுத்துவைப்பது அவசியம்.

கூகுள் கணக்கில் மை ஆக்டிவிட்டி என்ற பக்கத்திலும் உங்கள் தேடல்களும் பார்த்தவையும் இருக்கலாம். அங்கே தானாக அழியும் காலம் 3, 18, 36 மாதம் என்று மூன்று தேர்வுகளாக இருக்கிறது. 2020க்குப் பின் தொடங்கிய கணக்குகளில் இயல்பாக 18 மாதம். வசதிதான், ஆனால் அந்தப் பதிவு உங்கள் கையில் இல்லை, கூகுளின் சர்வரில் இருக்கிறது. நான் அதை இரண்டாம் பட்சமாகவே வைத்திருக்கிறேன்.

பக்கத்தையே எடுத்துவைப்பது

இதுவரை சொன்னவை எல்லாம் தலைப்பையும் முகவரியையும் காப்பாற்றும். பக்கத்தின் உள்ளடக்கம் வேண்டுமென்றால் பக்கத்தையே சேமிக்க வேண்டும். பார்க்கும் எல்லாவற்றையும் சேமிக்க முயலாதீர்கள். ஒரு மாதத்தில் சலித்துவிடும். "இது எனக்கு மறுபடியும் வேண்டும்" என்று தோன்றும் அந்த நொடியில் சேமியுங்கள்.

அதற்கு நான் பரிந்துரைப்பது சிங்கிள்ஃபைல் என்ற இலவச நீட்சி. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் வேலை செய்யும். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் எழுத்து, படம், வடிவமைப்பு எல்லாம் சேர்ந்து ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறங்கிவிடும். இணையம் இல்லாமலும் எந்த உலாவியிலும் திறக்கலாம். நீளமான பக்கமாக இருந்தால், சேமிக்கும்முன் ஒருமுறை கடைசிவரை உருட்டிவிடுங்கள். பல தளங்களில் படங்கள் உருட்டும்போதுதான் வந்து சேரும்.

உலாவியில் ஏற்கெனவே சேமிக்கும் வசதி இருக்கிறதே, பிடிஎஃப் ஆகவும் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். தமிழுக்கு இரண்டிலும் சிக்கல் உண்டு. முழுப் பக்கமாகச் சேமித்தால் ஒரு கோப்பும் பக்கத்தில் ஒரு கோப்புறையும் உருவாகும். ஒன்றை நகர்த்தி மற்றதை விட்டால் படங்கள் போய்விடும். குரோமின் ஒற்றைக் கோப்பு வடிவமான எம்எச்டிஎம்எல், தமிழ் எழுத்துகளைச் சமக் குறியும் எண்களுமாக மாற்றி எழுதிவைக்கிறது. திறந்தால் தமிழ் தெரியும், ஆனால் கோப்புகளுக்குள் தேடும் சாதாரண மென்பொருளுக்கு அதில் தமிழே இருப்பதாகத் தெரியாது. பிடிஎஃபில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறிப் போவது தமிழில் தட்டச்சு செய்கிற எவரும் பட்ட பாடு: கண்ணுக்குச் சரியாக இருக்கும், தேடினால் வராது, நகலெடுத்து ஒட்டினால் எழுத்து சிதறும். அச்சிடுவதற்குப் பிடிஎஃப், தேடுவதற்கு எச்டிஎம்எல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேமித்தவற்றை எல்லாம் ஒரே கோப்புறையில் போடுங்கள். தலைப்புவாரியாக இருபது கோப்புறை பிரித்தால் எதை எங்கே போட்டோம் என்று தேடுவதே வேலையாகிவிடும். கோப்புறைக்குள் தேட டாக்ஃபெட்சர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒருமுறை அதற்குக் கோப்புறையைக் காட்டினால் எல்லாக் கோப்புகளின் உள்ளெழுத்தையும் படித்து அட்டவணைப்படுத்திக்கொள்ளும். அது முழுச் சொல்லாகப் பார்ப்பதால், அடிச்சொல்லுக்குப் பின் * குறி போட்டுத் தேட வேண்டும். இப்போது என் கோப்புறையில் "சேறோடி*" என்று தட்டினால் மூன்று பக்கங்கள் நொடியில் வருகின்றன.

ஆய்வு மாணவர்களுக்கு ஸொட்டெரோ இன்னும் பொருத்தம். 2006 முதல் இருந்துவரும் இலவசக் கருவி. பக்கத்தின் நகலோடு ஆசிரியர், நாள், தளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளும்; பின்னால் துணைநூற்பட்டியல் தயாரிக்கும்போது அந்த அருமை தெரியும். படித்ததைச் சேமிக்கும் சேவைகளில் எதைத் தேர்ந்தாலும், சேர்த்தது முழுவதையும் வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பின்னர் படிக்கலாம் என்று லட்சக்கணக்கானோர் கட்டுரைகளைச் சேர்த்துவைத்த பாக்கெட் சேவை 2025 ஜூலை 8ஆம் தேதி மூடப்பட்டது. சேர்த்ததை எடுத்துக்கொள்ளச் சில மாதங்கள்தான் அவகாசம் தந்தார்கள்.

தளமே மறைந்துபோனால்? என் குமிழித்தூம்புப் பக்கத்துக்கு நேர்ந்தது அதுதான். அந்த இணைப்பை நான் படித்த அன்றே மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது பிறகு நினைவுக்கு வந்தது. எடுத்துத் திறந்தால் தளம் இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டினேன். பழைய நகல் ஒன்று இருந்தது. எழுத்து முழுவதும் கிடைத்தது. படம் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம். அந்தத் தளத்தில் சேமிக்கும் வசதியும் உண்டு: ஒரு முகவரியைக் கொடுத்தால் அப்போதே நகலெடுத்து, யாரும் பார்க்கும்படி வைக்கும். தனிப்பட்டவர்கள் அன்போடு நடத்தும் சிறு தமிழ்த் தளங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் செய்துவிடுங்கள். உங்கள் கணினியிலும் ஒரு நகல் வையுங்கள், இரண்டும் வேண்டும்.

பாதுகாப்பு

உலாவல் வரலாறு ஒரு மனிதரின் நோய், கடன், கவலை, நம்பிக்கை அனைத்தையும் சொல்லிவிடும். அதைப் படிக்கும் உரிமையை ஒரு நீட்சிக்குக் கொடுக்கும்முன் நிதானியுங்கள். தளங்களின் தோற்றத்தை மாற்றித் தந்த ஸ்டைலிஷ் என்ற நீட்சி, பயனர்களின் முழு ஹிஸ்டரியையும் திரட்டுவது 2018இல் வெளிவந்ததும் ஃபயர்பாக்ஸும் குரோமும் அதை நீக்கின. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நல்ல பெயரெடுத்த நீட்சி கைமாறியபின், தீங்கான நிரல் என்று 2021இல் குரோமில் முடக்கப்பட்டது. நிறுவும் அன்று நல்லதாக இருந்தது என்பது போதாது என்பதற்கு அதுவே சான்று. ஹிஸ்டரியைத் தொடும் நீட்சி ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்சிகளின் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள்.

நகலெடுத்த ஹிஸ்டரி கோப்புக்குக் கடவுச்சொல் கிடையாது. கிடைத்தவர் எவரும் திறந்து படிக்கலாம். வீட்டில் எல்லாரும் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் நகல் வைப்பதானால், கடவுச்சொல் போட்டுச் சுருக்கிய கோப்பாக வையுங்கள். அலுவலகக் கணினியிலும் பிரவுசிங் சென்டரிலும் இந்த வேலை எதையும் செய்யக் கூடாது. மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் பார்ப்பவை ஹிஸ்டரியில் ஏறாது என்பதால், வங்கி, மருத்துவம் போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தினால் நகலிலும் அவை வராது.

ஒரு தளத்தைப் பதிவிலிருந்து அடியோடு நீக்க நினைத்தால், உலாவியில் அழிப்பதோடு வேலை முடியாது. குரோமில் கூகுள் கணக்கோடு ஒத்திசைவு (சிங்க்) இருந்தால் ஓரிடத்தில் அழித்தது கைப்பேசியிலும் அழியும். ஆனால் நீட்சியின் சேமிப்பிலும், நீங்கள் எடுத்துவைத்த பழைய நகல்களிலும் அது அப்படியே இருக்கும். ஹிஸ்டரி பக்கத்தில் தளத்தின் பெயரைத் தேடி, வந்தவற்றைத் தேர்ந்து அழியுங்கள். பின் நீட்சியைத் திறந்து அங்கேயும் அழியுங்கள். நகல் கோப்புகளில், டிபி பிரவுசரில் திறந்து அந்த வரிகளை நீக்கி, மாற்றத்தை எழுதும் பொத்தானை அழுத்திய பிறகே மூடுங்கள்.